கேட்கிறவரின் முகத்தையும் காட்டுங்கள்: ‘க்ளீ’ குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

பெருமதிப்பிற்குரிய ரையன் மர்ஃபி, பிராட் ஃபால்சக், இயன் பிரென்னன் அவர்களுக்கும், உங்களோடு உட்கார்ந்து, பள்ளிப் பாட்டுக் குழு ஒன்றின் கதையான ‘க்ளீ’ என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரை எழுதிய அனைவருக்கும்,

வணக்கம்.

2009 மே மாதம் முதல் எபிசோடு. 2015 மார்ச்சில் கடைசி எபிசோடு. நடுவில் ஆறு சீசன், மொத்தம் 121 எபிசோடு. அத்தனையையும் பார்த்தவள், அதில் சிலவற்றை இன்றும் அடிக்கடி எடுத்துப் போட்டுப் பார்க்கிறவள் என்கிற உரிமையில் இதை எழுதுகிறேன். தொடரை மறுபடி எடுக்க வேண்டும் என்று ரசிகர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். என்றைக்காவது நீங்கள் அதற்கு இறங்கினால், பாட்டுப் பட்டியல் போடுவதற்கு முன்னால் இந்த மடலை ஒருமுறை படித்துவிடுங்கள்.

நான் சொல்ல வருவது இதுதான். உங்கள் தொடரில் மனசில் நிற்கிற இடங்களை எடுத்துப் பாருங்கள். பாடுகிறவரின் குரலைவிட, அந்தப் பாட்டை நின்று கேட்கிற ஒருவரின் முகம்தான் நினைவுக்கு வருகிறது. கேட்கிறவரை நீங்கள் மறந்த எபிசோடுகளில் பாட்டு எவ்வளவு நன்றாக இருந்தாலும் ஒட்டவில்லை.

முதல் எபிசோடையே எடுத்துக்கொள்வோம். ஓஹையோ மாநிலம், லைமா என்கிற சின்ன ஊர், மெக்கின்லி பள்ளி. அங்கே பாட்டுக் குழுவை நடத்தும் ஆசிரியர் வில் ஷூஸ்டருக்குப் பிள்ளை பிறக்கப்போகிறது என்று மனைவி சொல்லியிருக்கிறாள். ஆசிரியர் சம்பளத்தில் குடும்பம் ஓடாது, கணக்கர் வேலைக்குப் போய்விடலாம் என்று மனுஷன் முடிவே செய்துவிட்டார். கிளம்புகிற நேரத்தில் அரங்கத்திலிருந்து பாட்டுச் சத்தம். போய்ப் பார்த்தால் சிவப்பு டி-ஷர்ட் போட்ட ஆறு பிள்ளைகள் ஜர்னி குழுவின் பழைய பாட்டைப் பாடிக்கொண்டிருக்கிறார்கள். இருக்கைகள் காலி. மேலே, விளையாட்டுப் போட்டிகளில் ஆடி உற்சாகமூட்டும் சியர்லீடர் குழுவின் பயிற்சியாளர் ஸூவும் அவளுடைய பெண்களும் முகத்தைச் சுளித்துக்கொண்டு நிற்கிறார்கள். கீழே வில் அசையாமல் நிற்கிறார். இந்தப் பிள்ளைகள் பாடிய அந்தப் பதிவு, அமெரிக்காவில் பிரபலமான பாட்டுகளை வரிசைப்படுத்தும் ‘ஹாட் 100’ பட்டியலில் நான்காம் இடம் வரை போனது. பாட்டுக்காக வாங்கியவர்கள் வாங்கியிருப்பார்கள். என்னை ஆறு சீசனுக்கு உட்கார வைத்தது வில் நின்ற அந்த நிற்புதான்.

அதே முதல் சீசனின் ஒன்பதாவது எபிசோடு, ‘வீல்ஸ்’. என்னைக் கேட்டால் 121-இல் முதல் இடம் இதற்குத்தான். குழுவில் இருக்கிற பையன் கர்ட்டுக்கு ஒரு பாட்டைப் பாட ஆசை. அது பெண் பாடுகிற பாட்டு என்று வில் மறுக்கிறார். கர்ட்டின் அப்பா பர்ட், கார் பழுதுபார்க்கிற மனுஷன், நாடகப் பாட்டைப் பற்றி ஒன்றும் தெரியாதவர், நேரே தலைமையாசிரியர் அறைக்குப் போய் என் பிள்ளைக்கும் வாய்ப்புக் கொடு என்று சண்டை போட்டு வாங்கித் தருகிறார். பிறகு அவருடைய பட்டறைக்கு ஒரு மொட்டைத் தொலைபேசி. மகனைப் பற்றிக் கேவலமாக ஒரு சொல். அப்பாவின் முகம் ஒடுங்கிப்போவதைக் கர்ட் பார்த்துவிடுகிறான். போட்டியில் அந்த உச்ச ஸ்தாயி வரும் இடத்தில், வேண்டுமென்றே குரலைத் தவறவிடுகிறான். அதே பாட்டுக்குப் போட்டியிட்ட, குழுவின் முதன்மைப் பாடகி ரேச்சல் ஜெயிக்கிறாள்.

கர்ட்டாக நடித்த கிறிஸ் கோல்ஃபர் தன் சொந்தப் பள்ளியில் அதே பாட்டைப் பாடக் கேட்டு மறுக்கப்பட்டவர். அதைக் கேள்விப்பட்டுத்தான் நீங்கள் இந்தக் கதையை எழுதினீர்கள். ஒரு நடிகர் சொன்னதை நீங்கள் காதுகொடுத்துக் கேட்டதால் பிறந்த எபிசோடு இது. பாடத் தெரிந்தவன் பாடாமல் விட்டுக்கொடுப்பதைக் காட்டி ஒரு இசைத் தொடரை உச்சத்துக்குக் கொண்டுபோக முடியும் என்று நீங்களே நிரூபித்தீர்கள். பின்னால் வந்த சீசன்களில் அந்தத் துணிச்சலை ஏன் கைவிட்டீர்கள்?

இரண்டு வாரம் கழித்து வந்த ‘ஹேரோகிராஃபி’யைப் பற்றி எனக்கு இன்றும் வருத்தம் உண்டு. செவித்திறன் குறைந்த மாணவர்களின் பாடகர் குழு ஒன்று மெக்கின்லிக்கு வருகிறது. ஜான் லெனனின் ‘இமேஜின்’ பாட்டைச் சைகை மொழியிலும் தங்கள் குரலிலும் அவர்கள் பாடத் தொடங்குகிறார்கள். அந்தக் குரல்கள் சுருதிக்கு அடங்கவில்லை. அடங்க வேண்டியதும் இல்லை. நம் பிள்ளைகள் உட்கார்ந்து கேட்கிறார்கள், அதுவரை அருமை. பிறகு அவர்களில் ஒருத்தியான மெர்சிடிஸ் எழுந்து சேர்ந்து பாடுகிறாள், அடுத்து மற்றவர்களும் எழுந்து போகிறார்கள். ஒலிப்பதிவுக் கூடத்தில் மெருகேற்றிய குரல்கள் அந்த மாணவர்களின் குரலை மூடிவிடுகின்றன. கைகோத்துப் பாடுவது அன்பைக் காட்டத்தான் என்பது எனக்குப் புரிகிறது. ஆனாலும் விருந்தாளி பாடும்போது வீட்டுக்காரர் குறுக்கே பாடலாமா? மூன்று நிமிடம் வாயை மூடிக்கொண்டு கேட்டிருந்தால் அது உங்கள் மிகச் சிறந்த பாடல் காட்சிகளில் ஒன்றாகியிருக்கும்.

இரண்டாவது சீசனின் ‘க்ரில்டு சீஸஸ்’ எபிசோடில் பாதி எனக்குப் பிடிக்காது. வறுத்த ரொட்டியில் குழுவின் பையன் ஃபின்னுக்கு இயேசு தெரிவதெல்லாம் என்னத்துக்கு? ஆனால் மறுபாதிக்காக முதல் பாதியை மன்னித்துவிடுவேன். பர்ட்டுக்கு மாரடைப்பு. ஆளுக்கொரு ஜெபம், ஆளுக்கொரு பாட்டு என்று நண்பர்கள் வருகிறார்கள். எனக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது, விடுங்கள் என்கிறான் கர்ட். பிறகு பீட்டில்ஸ் 1963-இல் துள்ளலாகப் பாடிய ஒரு காதல் பாட்டை, தாலாட்டு போல இழுத்து நிறுத்திப் பாடுகிறான். கையைப் பிடித்துக்கொள்ள ஆசைப்படும் பாட்டு அது. அம்மாவின் அடக்கத்தன்று அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்ற சின்னப் பையன் திரையில் வந்து போகிறான். யாருக்காகப் பாடுகிறானோ அந்த அப்பா ஆஸ்பத்திரிக் கட்டிலில் நினைவில்லாமல் கிடக்கிறார். கடைசியில் அவருடைய விரல் மகனின் கைக்குள் அசைகிறது. அந்த விரல் அசைவைத் தனிக் காட்சியாக வைத்தீர்களே, அதற்கு நன்றி.

எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு நெருக்கமான எபிசோடு மூன்றாவது சீசனின் ‘ஏஷியன் எஃப்’. குழுவின் நடனக்காரப் பையன் மைக் சாங்குக்கு வேதியியலில் ஏ மைனஸ். அந்த வீட்டில் அதுதான் ஃபெயில். பிள்ளை டாக்டராக வேண்டும், ஹார்வர்டுக்குப் போக வேண்டும், ஆட்டம் பாட்டம் எல்லாம் போதும் என்கிறார் அப்பா. பிளஸ் டூ மார்க் ஷீட்டோடு வளர்ந்த எவருக்கும் இந்த வீட்டின் சாப்பாட்டு மேசை தெரியும். அப்பா மாதிரியே அம்மாவும் திட்டப்போகிறாள் என்று நினைத்துப் பார்த்தேன். அவளோ நடன அறைக்கு வந்து, எனக்கும் நடனக்காரி ஆக ஆசை இருந்தது, நான் விட்டதை நீயும் விட்டுவிடாதே என்று சொல்லி, எனக்குக் கற்றுக்கொடு என்று மகனிடமே கேட்கிறாள். மகன் அம்மாவின் கையைப் பிடித்து முதல் அடியை வைக்கிறான். மைக்காக நடித்த ஹாரி ஷம் எவ்வளவு பெரிய நடனக்காரர்! அந்த இடத்தில் தன் வித்தையை எல்லாம் அடக்கிக்கொண்டு அம்மாவின் காலுக்கு ஏற்ப ஆடுகிறார். ஐந்து எபிசோடு கழித்து அப்பாவையும் அரங்கத்துக்கு வரவைத்தீர்கள். மகன் மேடையில் ஆடுவதை அவர் உட்கார்ந்து பார்க்கிறார், பார்த்த பிறகுதான் மாறுகிறார். வசனத்தால் மாறாத அப்பா பார்த்து மாறுகிறார் என்பது எங்கள் வீடுகளுக்கும் பொருந்தும் உண்மை.

இந்தக் கதையை இவ்வளவு நன்றாக எழுதத் தெரிந்த நீங்கள் டீனாவை ஏன் அப்படி ஒதுக்கினீர்கள்? முதல் எபிசோடிலிருந்து இருக்கிற பெண். தனக்குப் பாட்டே கிடைப்பதில்லை என்று அவள் குறைப்படுவதையே ஒரு நகைச்சுவையாக வருடக்கணக்கில் ஓட்டினீர்கள். மூன்றாவது சீசன் முடிகிற நேரத்தில் ‘ப்ராப்ஸ்’ என்ற எபிசோடில் தலையில் அடிபட்டுத் தன்னை ரேச்சலாகக் கனவு காண்கிறாள். கனவில் மட்டும்தான் அவளுக்கு நடு மேடையா? மெர்சிடிஸாக நடித்த அம்பர் ரைலிக்கும் அதேதான் நடந்தது. அந்தக் குரலை வைத்துக்கொண்டு மெர்சிடிஸைக் கடைசி உச்ச ஸ்தாயிக்கு மட்டும் கூப்பிட்டுக்கொண்டிருந்தீர்கள்.

பாடகர்களுக்கு மரியாதை செய்கிறோம் என்று எடுத்த சிறப்பு எபிசோடுகளைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். மடோனா எபிசோடு பரவாயில்லை. பையன்கள் பெண்களை நடத்துகிற விதம் என்று ஒரு கதை அதில் இருந்தது. பிரிட்னி எபிசோடில் பல் மருத்துவர் கொடுக்கும் மயக்க மருந்தில் ஆளாளுக்குப் பாட்டு வருகிறது. மயக்கத்தில் இருப்பவரைத் தவிர அந்தப் பாட்டை வேறு யார் கேட்கிறார்கள்? ‘க்ளீ காஸ்ட்’ என்ற பெயரில் 207 பாடல்கள் ‘ஹாட் 100’ பட்டியலில் ஏறின. 2011-இல் எல்விஸ் பிரெஸ்லியின் 108-ஐத் தாண்டினீர்கள், 2020-இல் டிரேக் வந்து முந்தும்வரை அந்த இடம் உங்களுடையது. பாட்டு அப்படி விற்கும்போது எபிசோடுக்கு இன்னும் இரண்டு பாட்டைச் சேர்க்கத் தோன்றும்தான். அந்த இரண்டு பாட்டுக்கு இடம் கொடுக்க வெட்டப்பட்டது எது என்று பாருங்கள். கேட்டு முடித்தவர் மூச்சு விடுகிற அந்தப் பத்து நொடிதான்.

2013 ஜனவரியில் பாடகர் ஜோனதன் கோல்டன் விஷயம் வேறு வந்தது. ஒரு ராப் பாட்டுக்கு அவர் தானே புதிதாக மெட்டமைத்து மென்மையாகப் பாடியிருந்தார். அதை அப்படியே எடுத்துப் பயன்படுத்திவிட்டு அவர் பெயரை எங்கும் போடவில்லை. கேட்டு ரசித்து எடுத்தவர்களுக்குப் பெயர் போட ஒரு வரி இடம் இல்லாமல் போகுமா? பழைய எபிசோடின் நன்றிப் பட்டியலில் இப்போதாவது அந்தப் பெயரைச் சேருங்கள்.

நான்காவது சீசனின் ‘ஷூட்டிங் ஸ்டார்’. இதை எழுதும்போது கை தயங்குகிறது. சாண்டி ஹூக் பள்ளியில் குழந்தைகள் சுட்டுக் கொல்லப்பட்டு நான்கே மாதத்தில், 2013 ஏப்ரல் 11 அன்று ஒளிபரப்பானது. துப்பாக்கிச் சத்தம் கேட்டதும் பாட்டு அறையில் பிள்ளைகள் ஒளிந்து கிடக்கிற அந்த நிமிடங்களை நீங்கள் எடுத்த விதத்தில் எனக்குக் குறை இல்லை. எப்போதும் பாடிக்கொண்டிருக்கிற அறையில் ஒரு பாட்டும் இல்லை, அழுகைச் சத்தம் வெளியே கேட்டுவிடக் கூடாது என்று வாயைப் பொத்திக்கொண்டிருக்கிறார்கள். அவ்வளவும் சரி. ஆனால் அந்தத் துப்பாக்கியைக் கொண்டுவந்தது பெக்கி என்று முடித்தீர்களே, அதை என்னால் ஏற்க முடியவில்லை.

பெக்கி யார்? ‘வீல்ஸ்’ எபிசோடில் ஸூ தன் சியர்லீடர் குழுவில் சேர்த்துக்கொண்ட டவுன் சிண்ட்ரோம் உள்ள பெண். கயிறு தாண்டும் பயிற்சியில் ஸூ அவளை மற்றவர்களைப் போலவே விரட்டுவதைப் பார்த்து வில் பதறுகிறார். அந்தப் பெண்ணுக்கு வேண்டியது மற்றவர்களைப் போல நடத்தப்படுவதுதான் என்று ஸூ திருப்பிக் கேட்கிறாள். பிறகுதான் ஸூவின் அக்கா ஜீனும் அதே நிலையில் இருப்பவள் என்று நமக்குக் காட்டினீர்கள். லாரன் பாட்டரை நடிக்க வைத்தீர்கள், மூன்றாவது சீசனில் பெக்கியின் மனக்குரலாக ஹெலன் மிர்ரனைப் பேச வைத்தீர்கள். டவுன் சிண்ட்ரோம் உள்ள ஒரு பெண்ணுக்குத் தொலைக்காட்சியில் இத்தனை குறும்பும் ஆசையும் கர்வமும் கொடுத்தவர்கள் அன்று மிகக் குறைவு. அப்படிப்பட்டவள் கையில் துப்பாக்கியைக் கொடுத்துவிட்டு, பழியை ஸூ ஏற்றுக்கொண்டதாகச் சொல்லி அவசரமாக நகர்ந்துவிட்டீர்கள். பள்ளி முடிந்த பிறகு வெளி உலகத்தை எப்படிச் சமாளிப்பது என்கிற அவளுடைய பயம் உண்மையானது. எத்தனையோ பெற்றோர் ராத்திரி தூக்கம் இல்லாமல் யோசிக்கிற பயம். அதற்கு ஒரு முழு எபிசோடு தந்திருக்க வேண்டும். நீங்கள் அதை ஒரு திருப்பத்துக்குக் காரணமாக மட்டும் பயன்படுத்திக்கொண்டீர்கள்.

அதே ஆண்டு ஜூலையில், ஃபின்னாக நடித்த கோரி மான்டீத் இறந்தார். அக்டோபர் 10 அன்று ‘த குவார்ட்டர்பேக்’ வந்தது. ஃபின் எப்படி இறந்தான் என்று சொல்லாமலே விட்டீர்கள், அது சரியான முடிவு. அந்த எபிசோடில் பாடல்கள் எல்லாமே தேர்ந்தெடுத்தவைதான். குழுவின் சன்டானா பாட ஆரம்பித்து, நண்பர்கள் ஆறுதலாகத் தொட வந்ததும் கத்திக்கொண்டு ஓடிவிடுகிறாள். சன்டானாவாக நடித்த நயா ரிவேராவும் 2020-இல் போய்விட்ட பிறகு அந்தக் காட்சியை முழுதாகப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. ஆனால் அந்த எபிசோடின் உயிர், பாட்டே இல்லாத இடத்தில் இருக்கிறது. ஃபின்னின் அறையைக் காலி செய்ய அவன் அம்மா கரோல், அவளை மணந்த பர்ட், கர்ட் மூவரும் உட்காருகிறார்கள். எதைக் கொடுப்பது, எதை வைத்துக்கொள்வது என்று துணிகளைப் பிரிக்கிறார்கள். காலையில் கண் விழிக்கும்போது ஒரு நொடி மறந்திருக்கும், பிறகு நினைவு வந்துவிடும் என்கிறாள் கரோல். பிள்ளை இல்லாமல் போன பிறகும் பெற்றவளாகவே இருந்தாக வேண்டியிருக்கிறது என்று சொல்லி உடைகிறாள். பின்னணி இசையைக் கூட்டி எங்களை அழவைக்கப் பார்க்கவில்லை. பர்ட்டும் கர்ட்டும் அவளைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

ஆகவே, மறுபடி எடுப்பதானால் மூன்று விஷயங்களைக் கேட்கிறேன். எபிசோடுக்கு மூன்று பாட்டுக்கு மேல் வேண்டாம். ஒவ்வொரு பாட்டையும் எழுதும் முன் அதைக் கேட்கப்போகிறவர் யார், கேட்டு முடித்ததும் அவர் என்ன செய்வார் என்று காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள், பதில் கிடைக்காத பாட்டை எடுத்துவிடுங்கள். பெக்கி மாதிரி ஒரு பெண் மறுபடி வந்தால், அவளைப் போன்றவர்களையும் அவர்கள் வீட்டாரையும் எழுதும் அறைக்குள் உட்கார வைத்து, அவர்கள் சொல்வதை முதலில் கேளுங்கள்.

கர்ட்டின் அப்பாவாக நடித்த மைக் ஓ’மாலியை மட்டும் எப்படியாவது திரும்பக் கூட்டி வந்துவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் ரசிகை