மேட்டுக்குள் ஒரு சிலுவை

ஆசிரியர் அவர்களுக்கு,

இங்கிலாந்தின் பழைய காற்றாலைகளைப் பற்றி ஞாயிறு இதழில் வந்த கட்டுரை நன்றாக இருந்தது, ஆனால் நின்றுகொண்டிருக்கும் ஆலைகளோடு அது முடிந்துவிட்டதுதான் வருத்தம். யார்க்‌ஷயரின் வீட்லியில் 1185-லேயே காற்றாலை இருந்ததற்கு ஆவணம் இருக்கிறது. அந்தக் காலத்து ஆலை ஒன்றுகூட இன்று நிற்கவில்லை, மிச்சமெல்லாம் வயல் நடுவே ஒரு மண்மேடும் அதைச் சுற்றி ஒரு பள்ளமும்தான்.

அந்த மேடுதான் விஷயமே. அன்றைய ஆலை முழுக்க மரம். ஒரே ஒரு நடுத்தூணின் மேல் மொத்த ஆலையும் உட்கார்ந்திருக்கும், காற்று திசை மாறினால் ஆலைக்காரர் பின்பக்கத்து நீள மரத்தைத் தள்ளி ஆலையையே திருப்புவார். தூண் ஆடாமலிருக்க அடியில் இரண்டு பெரிய உத்தரங்களைக் குறுக்காகப் போட்டு, பல இடங்களில் அதன் மேல் மண்ணைக் கொட்டி மூடினார்கள். மரம் மக்கினாலும் சிலுவை வடிவக் குழி நிலத்தில் தங்கிவிடுகிறது. சில வயல்களில் வானிலிருந்து பார்த்தால் பயிரின் நிறம் மாறி, வட்டத்துக்குள் சிலுவையாகத் தெரியும்! பக்கிங்ஹாம்ஷயரின் கிரேட் லின்ஃபோர்டில் தோண்டியபோது அந்த உத்தர மரமே கிடைத்தது.

இது புரியாமல் பல ஆலைமேடுகளை ஆதிகாலப் புதைமேடு என்று எழுதிவைத்தார்கள். (நிஜப் புதைமேட்டின் மேலேயே ஆலை கட்டியதும் உண்டு, குழப்பத்துக்குக் கேட்க வேண்டுமா.) அப்புறம் டிராக்டர் வந்தது, உழவு உழவாக மேடுகள் தேய்ந்துகொண்டே போகின்றன. அடுத்த முறை எழுதும்போது இவற்றில் ஒன்றின் படத்தையாவது தயவுசெய்து போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்