நிச்சயதார்த்த விளையாட்டு இரு வீட்டாருக்கும் உரியது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற தை மாதம் என் இளைய மகளின் நிச்சயதார்த்தத்தை மண்டபம் எடுக்காமல் எங்கள் வீட்டு முற்றத்திலேயே நடத்தினோம். மூத்த மகளுக்கு மண்டபத்தில் நடத்தியபோது எனக்கு ஏற்பட்ட மனக்குறைதான் அதற்குக் காரணம்.

அன்று லக்னப் பத்திரிகை வாசித்துத் தாம்பூலம் மாற்றியதும், நிகழ்ச்சியை நடத்தித்தர வந்திருந்த தொகுப்பாளர் மைக்கைப் பிடித்துக்கொண்டார். பெண்ணையும் பிள்ளையையும் முதுகோடு முதுகாக உட்கார வைத்து, யாருக்குக் கோபம் அதிகம், யார் முதலில் மன்னிப்புக் கேட்பார் என்று அடுக்கடுக்காகக் கேட்டார். பெரியவர்கள் முன் உரக்கப் பேசியும் பழகாத என் மகள், முந்நூறு பேர் நடுவில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்ததை என்னால் மறக்க முடியவில்லை. உறவினர்களோ மேடையில் படம் எடுத்துக்கொள்ள வரிசையில் நின்று, சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிவிட்டார்கள். மாப்பிள்ளைக்குச் சித்தப்பா யார், தாய்மாமன் யார் என்பது திருமணத்தன்றுகூட எங்களுக்குச் சரியாகத் தெரியவில்லை.

விளையாட்டே கூடாது என்பது என் கருத்தன்று. தேங்காய் உருட்டுவது, அப்பளம் உடைப்பது, குடத்து நீரில் போட்ட மோதிரத்தைத் தேடி எடுப்பது, சம்பந்திகளை ஏசிப் பாடுவது என நலங்கு முழுவதும் விளையாட்டுத்தானே? ஒருவரையொருவர் சரியாகப் பார்த்துக்கூட இராத இருவர் கணவன் மனைவியான காலத்தில், அவர்களுடைய கூச்சம் விலகுவதற்கு முன்னோர் கண்ட வழி அது. இன்றைய பிள்ளைகள் கைபேசியிலேயே மாதக்கணக்கில் பேசிப் பழகிவிடுகிறார்கள். அறிமுகம் வேண்டியிருப்பது அவர்களைச் சுற்றியுள்ள உறவுகளுக்குத்தான். ஆகவே விளையாட வேண்டியவர்களும் அவர்களே என்று நினைத்தோம்.

இளையவளின் நிச்சயதார்த்தத்தில், பிள்ளை வீட்டார் தந்த புடவையை நாத்தனார் உடுத்திவிட்டு அவளைச் சபைக்கு அழைத்து வந்தார், தாம்பூலம் மாற்றினோம். பிறகு முற்றத்தில் பாய் விரித்து, இந்த வீட்டிலிருந்து ஒருவர், அந்த வீட்டிலிருந்து ஒருவர் என்று எதிரெதிரே அமர வைத்தோம். எதிரில் இருப்பவரின் ஊர், தொழில், அவருடைய கல்யாணம் நிச்சயமான கதை ஆகியவற்றைக் கேட்டு, அவரைப் பற்றிச் சபைக்குச் சொல்ல வேண்டும் என்பதே விளையாட்டு. கால் மணி நேரம் என்று தொடங்கியது ஒன்றேகால் மணி நேரம் நீண்டது. வாய் திறந்து பேசாத என் தம்பி, தன் நிச்சயதார்த்தத்துக்குப் போகும்போது தாம்பூலப் பையைப் பேருந்திலேயே விட்டுவிட்டு இறங்கியதை மாப்பிள்ளையின் தாத்தா சொல்லக் கேட்டுத்தான் நானே அறிந்தேன். பிறகு சம்பந்தியம்மாவும் நானும் தேங்காய் உருட்டினோம். இரு வீட்டுப் பாட்டிகளும் புளியங்கொட்டைகளை எடுத்துக்கொண்டு பல்லாங்குழியில் உட்கார்ந்துவிட்டார்கள். ஒரு குழியில் நான்கு சேர்ந்ததும் இருவரும் ஒரே நேரத்தில் "பசு" என்றார்கள். பந்தியிலும் அந்தந்த இணைகளையே அருகருகே உட்கார வைத்தோம்.

இன்னொன்றை அவசியம் சொல்ல வேண்டும். மாப்பிள்ளையின் அத்தை கணவரை இழந்தவர். தாம்பூலம் மாற்றியபோது அவர் பின்கட்டிலேயே நின்றுவிட்டார். கையைப் பிடித்து அழைத்து வராதது எங்கள் தவறு. விளையாட்டில் யாருக்கும் விலக்கில்லை என்பதால் வந்து அமர்ந்தார். எல்லாரும் கேட்டுக்கொண்டபின் ஒரு நலங்குப் பாட்டை முழுவதும் பாடினார். பாடி முடித்ததும் என் மாமியார் எழுந்து, தாம்பூலத் தட்டை அவர் கையில் கொடுத்து, விடைபெறுகிறவர்களுக்கு அவரே வழங்க வேண்டும் என்றார். ஆவணியில் நடக்கவிருக்கும் திருமணத்தில் மாலை எடுத்துக் கொடுப்பவரும் அவர்தான் என்று இரு வீட்டாரும் பேசி முடித்திருக்கிறோம்.

மண்டபத்தில் நடத்துவோரும் இவற்றைச் செய்யலாம். எந்தக் கேள்விகள் கேட்கப்படும் என்பதைத் தொகுப்பாளரிடம் முன்னதாகவே கேட்டுப் பாருங்கள். சம்பளம், நகையின் எடை, வரிசைத் தட்டு பதினொன்றா இருபத்தொன்றா என்பன போன்ற பேச்சு விளையாட்டில் நுழையவே கூடாது. பெண்ணின் நிறத்தையும் பருமனையும் வைத்துச் செய்யும் கேலியும் அப்படியே.

தங்களுக்கு ஒரு வேண்டுகோள். நலங்குப் பாடல்களையும் சம்பந்தி ஏசல்களையும் ஊர்தோறும் உள்ள பெரியவர்களிடம் கேட்டு எழுதியனுப்புமாறு வாசகர்களை அழைத்து, வாரம் ஒன்றாவது வெளியிட வேண்டுகிறேன். என் பெரியம்மா பாடிய ஏசலில் எனக்கு நினைவிருப்பது முதல் நான்கு அடிகள்தான். மீதியை அறிந்தவர் யாரேனும் இருந்தால் ஆவணிக்குள் கிடைக்கும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
மயிலாடுதுறை.