டேங்கில் ஊற்றும் மருந்து வால்வுக்குப் போகாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். டர்போ காடி வைத்திருப்பவர்கள் 'கார்பன் அடைப்பு' என்று காதில் விழுந்ததும் எண்ணெய் நிலையத்தில் ஒரு புட்டி கிளீனர் வாங்கி டேங்கில் ஊற்றிவிடுகிறார்கள். சுங்கை சிப்புட் வட்டாரத்தில் இது வழக்கமாகவே ஆகிவிட்டது. பெட்ரோலை நேரே சிலிண்டருக்குள் பீய்ச்சும் என்ஜினில் அந்த மருந்து இன்ஜெக்டர் முனையை வேண்டுமானால் சுத்தம் செய்யும். காற்று உள்ளே நுழையும் இன்டேக் வால்வுப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காது, பெட்ரோலே அந்தப் பக்கம் போவதில்லையே!

பழைய முறையில் இன்ஜெக்டர் இன்டேக் குழாயில் இருந்துகொண்டு 3, 4 பார் அழுத்தத்தில் வால்வின் முதுகில் தூவும். ஓடும்போதெல்லாம் வால்வு பெட்ரோலில் குளிக்கும். நேரடி முறையில் டேங்க் பம்ப் அனுப்புவதை, கேம்ஷாஃப்ட் ஓட்டும் இன்னொரு பம்ப் வாங்கி 200 முதல் 350 பார் வரை ஏற்றுகிறது. காடி டயரில் நாம் அடிக்கும் காற்று 2 பார் சொச்சம்தான். நிமிடத்துக்கு 6,000 சுற்றில் பிஸ்டன் ஒருமுறை கீழிறங்க 5 மில்லி விநாடி. பெட்ரோல் தூவி, ஆவியாகி, காற்றோடு கலக்க அதைவிடக் கொஞ்சம்தான் கூடுதல் அவகாசம். அதற்குத்தான் இவ்வளவு அழுத்தம். ஆவியாகும்போது அது சிலிண்டரின் சூட்டை இழுத்துக்கொள்வதால் கலவை தாறுமாறாக வெடித்துத் தட்டும் 'நாக்கிங்' அடங்குகிறது. டர்போ காற்றைத் திணித்தாலும் கம்ப்ரஷனை, அதாவது கலவையை அமுக்கும் விகிதத்தை, 10:1 அளவில் வைக்க முடிகிறது.

எல்லா டர்போவும் இந்த ரகமல்ல. பெரோடுவா அட்டிவா டர்போ பழைய முறைதான். 2020இல் வந்த புரோட்டோன் எக்ஸ்50இல் உச்ச ரகம் மட்டுமே டிஜிடிஐ, அதாவது நேரடி முறை டர்போ.

கார்பன் எங்கிருந்து வருகிறது? என்ஜினின் அடிப்பகுதியான கிராங்க்கேஸின் ஆவியோடு வரும் ஆயில் படலம் இன்டேக் வழியாகத் திரும்பி, சூடான வால்வில் ஒட்டிக் கருகுகிறது. கழுவிவிட அங்கே பெட்ரோல் இல்லை. காலையில் ஸ்டார்ட் போட்டதும் ஐட்லிங் தள்ளாடும், ஸ்கேனரில் பி0300 என்ற மிஸ்ஃபயர் (சிலிண்டர் சரியாக எரியாத) கோடு விழும். கோடு விழுந்தவுடன் கார்பன் என்று முடிவுகட்ட வேண்டாம். பிளக்கையும் காயிலையும் முதலில் பாருங்கள், அவைதான் மலிவு. கார்பன்தான் என்றால் இன்டேக் மேனிஃபோல்டைக் கழற்றி வால்நட் ஓட்டுத் தூளைக் காற்றழுத்தத்தில் அடித்து, கூடவே வேக்குவத்தால் உறிஞ்சி எடுக்க வேண்டும். அடிக்கும் சிலிண்டரின் இன்டேக் வால்வுகள் முழுக்க மூடியிருக்கும்படி முதலில் கிராங்கைத் திருப்பிக்கொள்ள வேண்டும். அவசரத்தில் இதை விட்டால் தூள் சிலிண்டருக்குள் இறங்கிவிடும்.

எங்கள் பார்வையில் கார்பனைவிடக் கவலைப்பட வேண்டியது ஆயில்தான். தோட்டத்திலிருந்து பட்டணத்துக்கு 4, 5 கிலோமீட்டர் ஓடி நிற்கும் காடிக்கு என்ஜின் சூடேற நேரமில்லை. குளிர்ந்த சிலிண்டர் சுவரில் பட்ட பெட்ரோல் பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கீழே ஆயிலில் வழிகிறது. டிப்ஸ்டிக்கில் ஆயில் மேல்கோட்டையும் தாண்டி நின்றால், "ஆயிலே குறையவில்லை" என்று மகிழாதீர்கள். முகர்ந்து பாருங்கள், பெட்ரோல் வாடை அடித்தால் மாற்றிவிடுங்கள். இப்படி ஓடும் காடிக்கு 10,000 கிலோமீட்டர் தவணை ஆகாது. 5,000 கிலோமீட்டர் அல்லது 6 மாதம், எது முந்துகிறதோ அது. வாரம் ஒருமுறை ஈப்போ வரை நிற்காமல் ஓட்டினால் கலந்த பெட்ரோலில் ஒரு பங்கு ஆவியாகிவிடும்.

ஆயில் வாங்கும்போது புட்டியிலுள்ள வட்ட முத்திரையில் 'ஏபிஐ எஸ்பி' அல்லது அதற்குப் பின் வந்த 'எஸ்கியூ' என்ற தரக்குறி இருக்க வேண்டும். 2020இல் வந்த எஸ்பி தரத்தில், குறைந்த சுற்றில் பிளக் பொறிக்கு முன்னரே கலவை தீப்பிடிக்கும் கோளாறுக்கான சோதனை உண்டு. பிஸ்டனில் ரிங் உட்காரும் விளிம்பையே உடைக்கக்கூடிய கோளாறு அது. ஏற்றத்தில் 1,500 சுற்றில் பெடலை ஆழ மிதிக்காமல் ஒரு கியர் இறக்கிக்கொள்வது நல்லது.

பட்டறைக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. என்ஜினை அணைத்த பிறகும் இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோலைப் பிரித்துக் கொடுக்கும் ரெயில் குழாயில் அழுத்தம் நிற்கும். அதை இறக்காமல் பைப் நட்டில் ஸ்பேனர் வைக்காதீர்கள். இன்ஜெக்டரைக் கழற்றினால் முனையிலுள்ள டெஃப்லான் சீல் கட்டாயம் புதிது. கூம்புக் கருவியால் ஏற்றி, வளையத்தால் அமுக்கி அளவுக்குக் கொண்டுவராவிட்டால் எரியும் வாயு அந்த வழியாகக் கசியும். காடிக்காரர்களும் பில்லில் சீலுக்கு ஒரு வரி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுக்கலாம்.

இப்படிக்கு,
மோட்டார் பட்டறைத் தொழிலர்கள்,
சுங்கை சிப்புட், பேராக்