மழை இல்லாத ஆறு மணி நேரம் எப்போது?

வானிலை முன்னறிவிப்பைத் தயாரிப்பவர்களுக்கு,

வணக்கம். பயிரும் மாடும் வைத்துப் பிழைக்கிறவன் எழுதுகிறேன். காலையில் கண் விழித்ததும் முதலில் உங்கள் அறிவிப்பைத்தான் பார்க்கிறேன். வானத்தைப் பார்ப்பது அப்புறம். அந்த உரிமையில் ஒரு குறையைச் சொல்கிறேன்.

'ஓரிரு இடங்களில் மழை பெய்யக்கூடும்' என்கிறீர்கள். குடை எடுத்துப் போகிறவருக்கு அது போதும், மருந்தடிக்கப் போகிறவனுக்குப் போதாது. மருந்து இலையில் பிடிக்க நேரம் வேண்டும். சிலவற்றுக்கு ஒரு மணி, சிலவற்றுக்கு ஆறு மணி. அதற்குள் மழை பிடித்தால் மருந்தும் கூலியும் மண்ணோடு போகும். மழை வருமா என்பதைவிட, அது வராத அந்த ஆறு மணி நேரம் எப்போது என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டும்.

காற்றும் அப்படித்தான். மணிக்கு 3 முதல் 15 கிலோமீட்டர் வேகம் என்றால் மருந்தடிக்கத் தோது. அதற்கு மேல் போனால் துளி பறக்கும் என்று சின்னப் பையனுக்கும் தெரியும். காற்றே இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பது எனக்குப் பட்டபின்தான் தெரிந்தது. ஒருநாள் பொழுது சாயும் நேரம், இலைகூட அசையவில்லை. நல்ல நேரம் என்று களைக்கொல்லி அடித்தேன். அடுத்த வாரம், இரண்டு வயல் தள்ளி இன்னொருவரின் பயிரில் இலைகள் சுருண்டு கிடந்தன. வானம் தெளிந்த மாலையில் தரை சீக்கிரம் குளிர்ந்துவிடுகிறது. மேலே வெதுவெதுப்பான காற்று மூடி போட்டதுபோல் நிற்கிறது. அடியில் மாட்டிய நுண்துளிகள் கலைந்து போக வழியில்லாமல் படுக்கைவாக்கில் நகர்கின்றன. புகை மேலே எழாமல் தட்டையாகப் பரவுமே, அதே கதைதான். இதெல்லாம் உங்களுக்குப் பாலபாடம். அன்று மாலை அறிவிப்பில் அது ஒரு வரியாக வந்திருந்தால் டேங்கை நிரப்பியிருக்கவே மாட்டேன். அந்த வயல்காரர் இன்றுவரை என்னோடு சரியாகப் பேசுவதில்லை.

பனி விஷயம் சின்னதுதான். உங்கள் வெப்பமானி தரையிலிருந்து ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் உயரத்தில் கூண்டுக்குள் இருக்கிறது. என் நாற்றோ விரல் நீளம். காற்றில்லாத தெளிந்த இரவில் அங்கே 3 டிகிரி காட்டும்போது இங்கே தரையை ஒட்டி உறைந்தே போயிருக்கலாம். தரையளவு வெப்பத்தையும் சேர்த்துச் சொன்னால் என்ன?

மாட்டுக்கு வெறும் வெயிலைவிட வெயிலும் புழுக்கமும் சேர்ந்ததுதான் கொடுமை. இரண்டையும் சேர்த்துக் கணக்கிடும் குறியீடு ஒன்று உண்டு. அது 72-ஐத் தொட்டால் கறவை மாட்டில் பால் குறையும். நிறையக் கறக்கும் மாடு என்றால் 68-லேயே. நீங்களோ பகல் உச்ச வெப்பத்தை மட்டும் பெரிய எழுத்தில் போடுகிறீர்கள். பகலில் ஏறிய சூட்டை மாடு இரவில்தான் இறக்கும். இரவும் புழுங்கினால் விடியும்போது படுக்காமல், வாயைத் திறந்து இரைத்துக்கொண்டு நிற்கும். தின்ற தீவனம் செரிக்கும் சூடு சில மணி நேரம் கழித்துத்தான் உச்சத்துக்கு வரும் என்பதால், இரண்டு நாள் முன்பே தெரிந்தால் தீவனத்தைப் பொழுது சாய்ந்தபின் போடுவேன், தண்ணீர்த் தொட்டி இன்னொன்று வைப்பேன். அன்றைக்கே சொன்னால் மேலே தண்ணீரை ஊற்றிக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

தப்பாகிவிடுமோ என்று தயங்குகிறீர்கள், புரிகிறது. தப்பினால் திட்டுவோம், அதுவும் உண்மைதான். ஆனாலும் மழுப்பாமல் மழை வாய்ப்பு 40 சதவீதம் என்றே சொல்லுங்கள். அது பரப்பில் 40 சதவீதமா, நேரத்திலா என்று குழம்புகிறவர்கள் நிறையப் பேர். பத்தில் நாலு வாய்ப்பு என்று போட்டால் தீர்ந்தது. புல்லை அறுத்துக் காயவைக்க எனக்கு மூன்று நாள் வெயில் வேண்டும். பத்தில் நாலு என்றால் பாதியை மட்டும் அறுப்பேன். விதைப்பு என்றால் அதே நாலை நம்பிக் கொஞ்சம் துணிவேன்.

என் வயல் ஓரத்தில் மழைமானி ஒன்று இருக்கிறது. 1 மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு ஹெக்டேருக்கு 10,000 லிட்டர். மோட்டார் போடுவதா வேண்டாமா என்பதை அதை வைத்துத்தான் முடிவு செய்கிறேன். தினமும் அளந்து நோட்டில் எழுதுகிறேன். உங்களுக்குப் பயன்படும் என்றால் எங்கே அனுப்ப வேண்டும் என்று சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அறிவிப்பை நம்பி வயலில் இறங்கும் ஒருவன்