ஊஞ்சலுக்கு அருகே ஒரு பொன்னரளி

பூங்காக்களுக்கும் பள்ளி, அங்கன்வாடி வளாகங்களுக்கும் செடி தேர்ந்தெடுக்கும் உள்ளாட்சி அலுவலர்களுக்கு,

வணக்கம்.

எங்கள் தெருமுனைப் பூங்காவில் ஊஞ்சலை ஒட்டி ஒரு பொன்னரளி நிற்கிறது. தண்ணீர் ஊற்ற ஆளில்லாத சித்திரை வெயிலிலும் மஞ்சள் மஞ்சளாய்ப் பூத்துக் கொட்டும். நடுவில் மேடு விழுந்த அதன் பச்சைக் காய், பார்வைக்குக் குட்டிக் கொழுக்கட்டையேதான். போன ஆண்டு என் பேத்தியும் அவள் தோழியும் அந்த மரத்தடியில் சொப்பு வைத்துச் சமைத்தார்கள். சிரட்டையில் நான்கு காய், மேலே கொஞ்சம் பூ. பேத்தி ஒரு காயைக் கல்லால் நசுக்கி, வடிந்த பாலை விரலால் தொட்டுக்கொண்டிருந்தபோதுதான் நான் பார்த்தேன். அதற்குள் தோழி ஒன்றைக் கடித்துத் துப்பியிருந்தாள்.

மருத்துவமனைக்கு ஓடும்போது காயோடு ஒரு கிளையையும் ஒடித்துக்கொண்டோம். கிளையைப் பார்த்ததுமே மருத்துவர் இசிஜி எடுக்கச் சொன்னார். மறுநாள் வரை கண்காணிப்பு. திரையில் ஓடிய கோட்டை விட்டு அவள் அம்மா கண்ணை எடுக்கவே இல்லை. விழுங்கியது மிகக் குறைவு என்பதால் பிள்ளை நலமாக வீடு திரும்பினாள்.

அன்றுதான் அந்தச் செடியைப் பற்றித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். பொன்னரளியிலும் செவ்வரளியிலும் வேர், இலை, பூ, விதை, பால் எதுவுமே நஞ்சுக்கு விலக்கில்லை. அந்த நஞ்சு இதயத்தைத் தாக்குகிறது. வாந்தி வரும், நாடி தளரும், துடிப்பு தாறுமாறாகும். சில மணி நேரம் ஒன்றுமே தெரியாமல் இருந்துவிட்டுப் பிறகும் காட்டலாம் என்பதால், ‘பிள்ளை நன்றாகத்தானே இருக்கிறது’ என்று வீட்டில் வைத்திருக்கக் கூடாது. உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைப்பதும் தவறு. 108-ஐ அழைத்து, செடியின் துண்டோடு போக வேண்டும். காய்ந்தாலும் கொதித்தாலும் அரளியின் நஞ்சு போவதில்லை. எரித்தால் புகையும் ஆகாது.

நெடுஞ்சாலை நடுத்திட்டுகளில் அரளி வைப்பதன் காரணம் எனக்குப் புரிகிறது. வறட்சி தாங்கும், எதிரே வரும் வண்டியின் விளக்கொளியை மறைக்கும், மாடு கடிக்காது. கசப்பால்தான் கடிப்பதில்லை. ஆனால் கத்தரித்துப் போட்ட கிளை வாடியபின் ஆடு மாடுகள் தீவனத்தோடு சேர்த்துத் தின்றுவிடும். அந்தக் குவியலை அள்ளாமல் விட்டுப்போவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

2024 மே மாதம் கேரளத்தில், இளம்பெண் ஒருவர் அரளி இலையை மென்றதால் இறந்திருக்கலாம் என்ற செய்தி வந்த சில நாட்களிலேயே, அங்குள்ள கோயில்களை நிர்வகிக்கும் திருவிதாங்கூர் தேவஸ்வம் போர்டு நைவேத்தியத்திலும் பிரசாதத்திலும் அரளிப்பூவை நிறுத்தியது. நம் ஊரில் அம்மனுக்குச் செவ்வரளி மாலை சாத்துகிறோம். அந்த வழக்கத்தை நான் குறை சொல்லவில்லை. பிள்ளையாருக்குக் கண்ணாக வைக்கும் குன்றிமணிகூட நஞ்சுதான், நம் மாநில மலரான செங்காந்தளின் கிழங்கும் நஞ்சுதான். காந்தளைப் பயிரிடும் விவசாயிக்குத் தான் எதைத் தொடுகிறோம் என்று தெரியும். மரத்தடியில் சொப்பு வைக்கும் ஐந்து வயதுப் பிள்ளைக்கு அது தெரியாது.

ஆகவே ஊரிலுள்ள அரளியை எல்லாம் பிடுங்கச் சொல்லவில்லை. விளையாட்டுத் திடல், பள்ளி, அங்கன்வாடி ஆகிய இடங்களிலிருந்து மட்டும் எடுத்துவிடுங்கள். அங்கே செம்பருத்தியும் இட்லிப்பூவும் வையுங்கள், இடமிருந்தால் ஒரு மகிழமரம். மற்ற பூங்காக்களில் செடியின் பெயரையும் ‘நஞ்சு, வாயில் வைக்காதே’ என்பதையும் தமிழில் எழுதி, பிள்ளைகளின் கண்மட்டத்தில் பலகை வையுங்கள். நாற்றங்காலில் விற்கும்போதே இதைச் சொல்லலாம். வரவேற்பறைகளில் நிற்கும் டைஃபன்பாக்கியா என்ற அழகுச்செடியின் இலையைக் கடித்தால் நாக்கு வீங்கிப் பேச்சே வராமல் போகலாம். அதை வாங்கிய எத்தனை பேருக்கு இது தெரியும்?

எங்கள் பூங்கா மரத்தடியில் இன்று காலையும் ஒன்பது காய்கள் கிடந்தன. பொறுக்கிக் குழியில் புதைத்தேன். மரத்தை எடுக்க ஆள் அனுப்பும் நாளைச் சொல்லுங்கள், நானும் வந்து நிற்கிறேன். வருபவர்கள் கையுறை போட்டுக்கொள்ளட்டும். வெட்டிய கிளைகளை அங்கேயே கொளுத்த வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு பாட்டி