வற்றத்தில் வந்து நீர் எடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற மாதம் எண்ணூர் கழிமுகத்துப் பாலத்தில் இரண்டு பேர் கயிற்றில் வாளியை இறக்கித் தண்ணீர் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஆய்வுக்கு என்றார்கள். எடுத்ததைப் பிளாஸ்டிக் கேனில் ஊற்றி, வெயிலில் நின்ற வண்டியில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். பகல் பதினொரு மணி. கடல் நன்றாக ஏறியிருந்த வேளை; கடல் இறங்கும் வேளையான வற்றம் அல்ல. கேனுக்குள் போனது பெரும்பாலும் கடல்நீர்தான்.

பள்ளி வேதியியல் ஆய்வகத்தில் 31 ஆண்டுகள் உதவியாளராக இருந்தவன் நான். எண்ணெய் சார்ந்த நஞ்சுகளைத் தேடுவதானால் கண்ணாடிக் குப்பி வேண்டும். அதுவும் ஒளி புகாத பழுப்புக் குப்பி, பனிக்கட்டிப் பெட்டியில். பிளாஸ்டிக் கேனின் சுவரில் அவை ஒட்டிக்கொள்ளும். போதாததற்குப் பிளாஸ்டிக்கும் தன் பங்குக்குச் சிலவற்றை நீரில் விடும்.

நீர்த் தர அறிக்கைகளில் நாம் வழக்கமாகப் பார்ப்பது பி.ஓ.டி. அளவு. நீரை 27 டிகிரி வெப்பத்தில் மூன்று நாள் வைத்து, நுண்ணுயிர்கள் எவ்வளவு ஆக்சிஜனைச் செலவழித்தன என்று பார்க்கும் சோதனை அது. சாக்கடை கலப்பைக் காட்ட நல்ல சோதனை, மறுக்கவில்லை. ஆனால் எண்ணெயோடு வரும் பல்வளைய ஹைட்ரோகார்பன்கள் என்ற நஞ்சுகளை அந்த நுண்ணுயிர்கள் மூன்று நாளில் தின்று தீர்ப்பதில்லை. ஆகவே அவை இந்தக் கணக்கில் வருவதே இல்லை. அவற்றில் ஒன்றான பென்சோபைரீன் புற்றுநோய் உண்டாக்குவது. இந்த வகை நஞ்சுகளுக்குக் குடிநீரில் நம் நாட்டுத் தரம் அனுமதிப்பது லிட்டருக்கு 0.0001 மில்லிகிராம் மட்டுமே.

மேலும் இவை நீரில் தங்குவதில்லை. சேற்றில் இறங்கிவிடும், மீனின் கொழுப்பில் ஏறிவிடும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு வந்த எண்ணெயை எங்கள் மக்கள் குவளையாலும் வாளியாலும் அள்ளினார்கள். மேலே மிதந்ததைத்தான் அள்ள முடிந்தது. காட்டுக்குப்பத்தில் இருக்கும் என் தம்பி, வலையின் ஈயக் குண்டுகளில் ஒட்டிய கருப்புப் பிசினை இன்றும் மண்ணெண்ணெய் தொட்டுத் துடைக்கிறான். போன வாரம் அவன் கொடுத்தனுப்பிய மடவையை அரிந்தபோது, வயிற்றைக் கீறியதுமே டீசல் வாடை. என் மனைவி கத்தியைக் கீழே வைத்துவிட்டாள். விற்கக் கொண்டுபோன மீனை அப்படிக் கீழே வைக்க அவனுக்கு வழியில்லை.

ஆற்று நஞ்சைப் பார்க்க வேண்டுமானால் வற்றத்தில் வர வேண்டும். கொசஸ்தலையும் பக்கிங்காம் கால்வாயும் கொண்டுவருவது அப்போதுதான் தெரியும். இறால் புதைந்து கிடக்கும் சேற்றையும் எடுக்க வேண்டும். பாறையில் ஒட்டி, ஒரே இடத்தில் நீரை வடித்துக் குடித்து வாழும் மட்டியின் சதையையும் சோதிக்க வேண்டும். சிலிகோன் ரப்பர் தகடுகளைச் சில வாரம் நீரில் தொங்கவிட்டு, அவை உறிஞ்சியதை அளக்கும் முறையும் இருக்கிறது. ஒரு வாளித் தண்ணீர் சொல்வது அந்த ஒரு நிமிடத்தின் கதை. தகடு இரவையும் மழையையும் சேர்த்துச் சொல்லும். இதே கொசஸ்தலையின் நீரைத்தான் மேலே பூண்டியில் தேக்கிச் சென்னைக்குக் குடிக்கத் தருகிறார்கள். அதன் கடைசி மைல் மீது மட்டும் ஏன் இந்த அலட்சியம்?

முடிவுகளைத் தமிழில் அச்சிட்டு மீன் ஏலம் விடும் இடத்தில் ஒட்டுங்கள். நீர் எடுக்க வருகிறவர்களுக்கு வற்றம் எந்த நேரம் என்று என் தம்பி சொல்வான். படகும் அவனுடையதே, கூலி வேண்டாம் என்கிறான்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வக உதவியாளர்,
எர்ணாவூர், சென்னை