‘ஷஃபிள் அலாங்’ நாடகத்தை அதன் பாடல்களோடு மேடையேற்றுங்கள்: நியூயார்க்கின் பிராட்வே நாடகத் தயாரிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தயாரிப்பாளர்களுக்கு,

வணக்கம். 1920களில் நடக்கும் கதை என்றால் போதும், உங்கள் மேடையில் டிரம்பெட் ஒலிக்கும், சார்ல்ஸ்டன் ஆட்டம் களைகட்டும். அந்த ஆட்டத்தை உலகமெங்கும் கொண்டுபோன பாட்டு, 1923-இல் ‘ரன்னின் வைல்ட்’ என்ற கறுப்பினக் கலைஞர்களின் இசை நாடகத்துக்காக ஜேம்ஸ் பி. ஜான்சன் மெட்டமைத்தது. அப்படிப்பட்ட நாடகங்களுக்கு வழி திறந்துவிட்டது அதற்கு இரண்டு வருடம் முன்னால் வந்த ‘ஷஃபிள் அலாங்’. அதை அதன் பாடல்களோடு முழுசாக மேடையேற்றுங்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன்.

1921 மே 23 அன்று நியூயார்க்கின் 63ஆம் தெருவில் அது அரங்கேறியது. பெரிய நாடக அரங்குகள் இருந்த பகுதியிலிருந்து தள்ளியிருந்த கூடம் அது. வாத்தியக்காரர்கள் உட்காரவே இடமில்லை, நாற்காலிகளை எடுத்துவிட்டு இடம் பண்ணினார்கள். உடைகள், ஓடாமல் போன வேறு நாடகங்களில் மிஞ்சியவை. கிடைத்த உடைக்குப் பொருந்துகிற மாதிரி பாட்டே எழுதினார்கள் என்றால் பாருங்கள். கடனில் தொடங்கிய அந்த நாடகம் 504 காட்சிகள் ஓடியது.

பாடல்கள் நோபிள் சிசில், இசை யூபி பிளேக். ‘லவ் வில் ஃபைண்ட் எ வே’ என்ற பாட்டில் ஒரு கறுப்பினக் காதல் ஜோடி கேலி, கோமாளித்தனம் எதுவும் இல்லாமல் மனதாரக் காதலைப் பாடியது. வெள்ளையர் நிறைந்த கூட்டம் அதைப் பொறுத்துக்கொள்ளும் என்று எவருக்கும் நம்பிக்கை இல்லை. கலவரம் வந்தால் ஓடிவிடலாமென்று சிசிலும் கதை எழுதிய மில்லரும் லைல்ஸும் பின்வாசல் பக்கம் நின்றார்களாம். பியானோ முன் உட்கார்ந்திருந்த பிளேக்தான் பாவம், மாட்டிக்கொண்டார். கூட்டமோ அந்தப் பாட்டை மறுபடி பாடச் சொல்லிக் கேட்டது!

‘ஐம் ஜஸ்ட் வைல்ட் அபௌட் ஹாரி’யை பிளேக் முதலில் வால்ட்ஸ் என்ற மூன்று தட்டு நடன நடையில்தான் போட்டார். வியன்னாவின் ஆப்பரெட்டா என்ற இலகுவான இசை நாடகங்கள் மேல் அவருக்கு அவ்வளவு பிரியம். கறுப்பினத்தவர் நாடகத்தில் வால்ட்ஸ் எடுபடாது, வேகமாக மாற்றுங்கள் என்றார் நாயகி லோட்டி கீ. மனசில்லாமல் மாற்றினார். 1948-இல் அமெரிக்க அதிபர் ஹாரி ட்ரூமன் தன் தேர்தல் பிரசாரத்துக்கே அதை எடுத்துக்கொண்டார். இத்தனைக்கும் நாடகத்திலும் அது தேர்தல் பாட்டுதான்.

நீங்கள் தயங்குவதற்குக் காரணம் எனக்குத் தெரியாமல் இல்லை. மில்லரும் லைல்ஸும், கறுப்பினத்தவராக இருந்தும், கறுப்பினத்தவரைக் கேலி செய்ய வெள்ளை நடிகர்கள் செய்துவந்தது போல முகத்தில் கரி பூசிக்கொண்டு நடித்தார்கள். சில நகைச்சுவைக் காட்சிகளை இன்று அப்படியே போட முடியாது, போடவும் கூடாது. சரி, அதற்காகப் பாடல்களையும் சேர்த்தா பெட்டியில் பூட்டுவது? 1927-இல் வந்த ‘ஷோ போட்’ இசை நாடகத்திலும் சிக்கலான வரிகள் உண்டு. அவற்றைத் திருத்தித் திருத்தித்தானே இன்றுவரை போட்டுக்கொண்டிருக்கிறீர்கள்!

2016-இல் ஜார்ஜ் சி. உல்ஃப் இந்த நாடகம் உருவான கதையையே ஒரு நாடகமாக்கினார். அருமையான வேலை. ஆனால் பிராட்வே நாடகங்களுக்கான டோனி விருதுகளுக்குப் பத்துப் பரிந்துரைகள் பெற்றும் ஒரு விருதுகூட இல்லை. ஏப்ரலில் தொடங்கியது ஜூலையில் முடிந்துவிட்டது. அதிலும் பாடல்கள், அவற்றை உருவாக்கியவர்களின் கதைக்குள்தான் வந்தன. கதையில் வரும் ஜிம்டவுன் என்ற ஊரின் மேயர் தேர்தலில் நிற்கும் ஹாரிக்காக அந்தப் பாட்டு ஒலிப்பதைக் கேட்க வேண்டுமென்றால் மூல நாடகமே மேடையேற வேண்டும்.

1921-இல் அச்சான பாடல்களுக்கு அமெரிக்காவில் காப்புரிமைக் காலம் எப்போதோ முடிந்துவிட்டது. வசனத்தைத் திருத்த நல்ல கறுப்பின நாடக ஆசிரியர் ஒருவரை அமர்த்துங்கள். பெரிய அரங்கு வேண்டாம், சின்னக் கூடத்தில் சில வாரங்கள் போதும். வாத்தியக்குழுவை மட்டும் சுருக்காதீர்கள். கறுப்பினக் கலைஞர்கள் இசைக்குறிப்பு படிப்பார்கள் என்று அன்றைய வெள்ளையர்கள் நம்பாததால், மொத்த இசையையும் மனப்பாடமாக வாசித்த குழு அது. பின்னாளில் சிம்பொனி எழுதிய வில்லியம் கிராண்ட் ஸ்டில் அங்கே ஓபோ என்ற ஊதுகருவி வாசித்தார். அப்புறம், நாடகத்துக்கு வருகிறவர்களுக்குத் தரும் கையேட்டில் அவர் பெயரையும் போடுங்கள்.

இப்படிக்கு,
பழைய ஜாஸ் பாடல்களின் ரசிகன் ஒருவன்